பஞ்சும் பஞ்சரும்

இனி என் உடம்பில் ஓர் ஊசிகூட ஏறாது என்று நான் சபதம் செய்தேன். மனசுக்குள் செய்த சபதம் இல்லை. சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டி, சத்தமாகச் செய்தது. தட்டியது வலது கை. இடது கை எட்டு மாதமாக நான் சொல்வதைக் கேட்பதில்லை.

என் மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து யாருடைய கால்சட்டையையோ இடுப்பில் பிரித்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள். அவற்றின் சந்து வழியாக "ம்" என்றாள்.

அவளுடைய "ம்"மில் பல ரகம் உண்டு. இது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. "நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்கிற ரகம். இந்த "ம்"முக்குப் பிறகு நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டர். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து சீட்டில், என் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்தவன். மற்றவர்களுக்குப் பயம் எப்போதாவது வரும். எனக்கு அது உத்தியோகம். காலை ஒன்பது மணிக்குப் பயப்பட ஆரம்பித்தால் மாலை ஆறு மணிக்குத்தான் நிறுத்துவேன்.

ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது இடது கை என்னைக் கைவிட்டது. கை விட்டதைப் பார்த்து இடது காலும் என் காலை வாரிவிட்டது. குளியலறையில் கிடந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் என் பக்க வாதம் எடுபடுவதில்லை. அதற்கு முன்னாலும் எடுபட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் என்னைக் குத்தாத ஆள் இல்லை. பெருக்க வந்தவரைத் தவிர எல்லோரும் குத்தினார்கள். சபதத்தின் மூலகாரணம் அது.

வீடு திரும்பிய பிறகு ஒரு பிசியோதெரபி அம்மா வந்தார். கையை மடக்கினார், காலை நீட்டினார், என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைத்தார். கட்டிலிலிருந்து சுவர், சுவரிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து ஜன்னலோர நாற்காலி. நன்றாகத்தான் நடந்தேன். போன மாதம் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே நீங்க வெளியே போகணும். தெருவுல நடந்தாத்தான் கால் பழகும். இதுக்கு மேல வீட்டுக்குள்ள நான் சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல."

"கண்டிப்பா" என்றேன். அவர் போனதும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

காரணம் சோம்பல் இல்லை. தரை என்பது சும்மா கிடக்கும் பொருள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் காலையில் அது எழுந்து வந்து என் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு நான் தரையை நம்புவதில்லை. வீட்டுத் தரையையாவது பக்கத்திலிருந்து கண்காணிக்கலாம். தெருத் தரை எனக்கு முன்பின் தெரியாத தரை.

மனைவி கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

"தெருக்கோடியில ஒரு அக்குபஞ்சர் டாக்டர் இருக்காங்க. பக்கவாதம் வந்தவங்களுக்கு மருந்து, பயிற்சி இதோட சேர்த்து அதையும் பண்றாங்களாம்."

"என்ன பஞ்சர்?"

"அக்குபஞ்சர். மெல்லிசா ஊசி போடுவாங்க. வலிக்காதாம்."

"வலிக்காதுன்னு சொல்லாத ஊசி உலகத்துல எது?"

"நடந்து போற தூரம்தான்" என்றாள். எனக்கு ஊசி, நடை என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆபத்து.

"இத பாரு. பஞ்சர்ங்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. பஞ்சர்னா வண்டி நின்னுடும்னு அர்த்தம்."

இஸ்திரிப் பெட்டியின் ஒயரை மாற்ற வந்திருந்த எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்கினார். நாற்பத்தைந்து வயது மனிதர். என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றவர். அந்த நன்றியைக் காட்டும் விதமாக எப்போதும் என் மனைவியின் பக்கமே பேசுவார்.

"மாஸ்டர், பஞ்சர் ஆனாத்தான் வண்டி நிக்கும். பஞ்சர் போட்டா ஓடும்."

மனைவி சிரித்தாள். குண்டூசி ஒன்று கீழே விழுந்தது. அப்போதுதான் நான் மேஜையைத் தட்டினேன்.

சபதத்தைக் காப்பாற்றத் திட்டம் வேண்டும். போட்டேன். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்குப் போன் செய்வது, அவர் வாயாலேயே தடை வாங்குவது. அந்தத் தடையை மனைவி தன் காதால் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போட்டேன். போட்டது நானேதான். யாரும் சொல்லவில்லை.

"டாக்டர், இவ என்னை அக்குபஞ்சருக்குக் கூப்பிடறா. நான் ரத்தம் இளகுற மாத்திரை சாப்பிடறேன். எவ்வளவு ஆபத்து, நீங்களே சொல்லுங்க."

"ஆபத்து ஒண்ணும் பெருசா இல்ல. அந்த மாத்திரை சாப்பிடறீங்கன்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க, பார்த்துப் பண்ணுவாங்க. அதனால மட்டும் கைகால் வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு உதவுதுன்னு சொல்றாங்க. சில ஆராய்ச்சியில வித்தியாசமே தெரியல. துணைக்கு வச்சுக்கலாம். ஆனா மாத்திரையையும் பயிற்சியையும் நிறுத்தவே கூடாது."

"சரி டாக்டர்."

"ஆமா, வெளியே நடக்கிறீங்கதானே?"

"லைன் சரியா கேக்கல டாக்டர்" என்று வைத்துவிட்டேன்.

மனைவி நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு கடைசி அஸ்திரம் இருந்தது.

"அவங்க வீட்டுக்கு வந்து போடறதா இருந்தா யோசிக்கலாம்."

"அவங்க வீட்டுக்கு வர்றதில்ல."

"அடடா" என்றேன், முடிந்த அளவு வருத்தமாக.

"சரி, விடுங்க" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எதையும் விட்டதில்லை. காய்கறிக்காரரிடம் பேரத்தை விட்டதில்லை. தையலில் அரை அங்குலம் விட்டதில்லை. அவள் "விடுங்க" என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு ஏன் சந்தேகம் வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"இதோ வந்துடறேன்."

நான் கேட்டது இடத்தை. அவள் சொன்னது நேரத்தை. ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தேன். மூன்றாவது மாடியிலிருந்து தெரு முழுவதும் தெரியும். அவள் சலவைக் கடையைத் தாண்டினாள், கண்ணாடிக் கடையைத் தாண்டினாள், ரோட்டைக் கடந்தாள், பச்சைக் கேட் போட்ட ஒரு கட்டடத்துக்குள் போனாள். கட்டடத்தின் நெற்றியில் பெரிய போர்டு. அதில் எழுத்து தெரியவில்லை. சிவப்பாக ஒரு ரத்தத் துளி மட்டும் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையம்.

திரும்பி வந்தபோது அவளுடைய மேல்கையில் பிளாஸ்திரி ஒட்டிய பஞ்சு. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லாததற்கு யாரும் பஞ்சு வைப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் போனாள். இன்னொரு பஞ்சு. அடுத்த வாரம் பின்கழுத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வாரத்துக்கு இரண்டு தரம் ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் அது என்ன வியாதி? நான் பயத்தில் தொழில்முறைக் கலைஞன். ஆனால் எப்போதும் எனக்காகத்தான் பயந்து பழக்கம். அவளுக்காகப் பயப்படுவது வேறு மாதிரி இருந்தது. அதற்குக் காலடியில் பிரேக் இல்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டி, "இது சரியா எரியல" என்றேன்.

"நல்லாத்தான எரியுது."

"அதை விடுங்க. அக்காவுக்கு உடம்புக்கு என்ன?"

அவர் ஸ்டூலில் ஏறி, எரிகிற விளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டி, இறங்கினார். 

"என்னைக் கேக்காதீங்க மாஸ்டர். சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பக்கவாதம் வந்த அன்றுகூட நாக்கு இவ்வளவு உலரவில்லை.

மறுநாள் காலை அவள் என்னைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்க வைத்தாள்.

"இதை எப்படிப் போடறதுன்னு கத்துக்குங்க."

"நான் எதுக்கு?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு பார்ப்பா? வெள்ளையைத் தனியா போடணும். இந்த டப்பாவால ஒரு டப்பா சோப்புத்தூள். துணியை எடுங்க. இடது கையாலயும் பிடிங்க, நழுவுது பாருங்க."

சோப்புத்தூள் அளவை அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய கடைசி ஆசைகளைக் கேட்பதுபோல எனக்குக் கண் கலங்கியது. இரண்டு கையாலும் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணி நழுவவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"என்கிட்ட எதையாவது மறைக்கிறியா?"

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நீங்கதான் இருந்த இடத்தை விட்டு அசையறதே இல்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குக் குத்திக் காட்ட ஊசி தேவையில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வர்றேன்" என்று சொல்லாமல் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஜன்னலுக்குப் போனேன். ரோட்டைக் கடக்கும் முன் ஒரு நிமிஷம் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலியில் நிற்பவள்போல நின்றாள். பிறகு பச்சைக் கேட்டுக்குள் மறைந்துவிட்டாள்.

அங்கே யாரோ ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் அவளிடம் ஏதோ ஒரு பெயரைச் சொல்லப் போகிறார். அவள் தனியாக உட்கார்ந்து கேட்கப் போகிறாள். நான் மூன்றாவது மாடியில் நாற்காலியில் இருக்கப் போகிறேன்.

எழுந்துவிட்டேன்.

வாசலில் என் பூட்ஸ் தயாராக இருந்தது. கயிறு கட்டத் தேவையில்லாத, ஒட்டுப் பட்டை வைத்த பூட்ஸ். பக்கத்தில் கைத்தடி. இரண்டும் பல மாதமாக அலமாரிக்குள் இருந்தவை. அவை எப்படி வாசலுக்கு வந்தன என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

லிஃப்டில் இறங்கினேன். வெளிக்கதவைத் திறந்தேன். தெரு வெயிலில் நீளமாகக் கிடந்தது.  கைத்தடியை ஊன்றி, கற்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல இடது காலுக்குச் சொல்லிக்கொண்டேன்: "அவசரமில்ல. மெதுவா. முழங்காலைத் தூக்கு. இப்ப விடு. நல்லது. பக்கத்துல பாக்காதே, நேரா பாரு."

சலவைக் கடை வரும்போதே தொடை நடுங்கியது. எங்காவது உட்கார்ந்தால் தேவலை என்று திரும்பினேன். சுவரோரம் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். சலவைக் கடைக்காரர் நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூச்சு வந்ததும் எழுந்து நடந்தேன். கண்ணாடிக் கடை வாசலில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. இடது கால் நுனி அதில் தட்டியது. உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தக் குளியலறைக் காலைப்பொழுது அப்படியே திரும்பி வந்தது. வலது கை கைத்தடியில் இருந்தது. அதனால் சுவரைப் பிடிக்கப் போனது இடது கை. போனது மட்டுமில்லை, பிடித்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். வியர்த்து ஊற்றியது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி திரும்பியும் விட்டேன். ஆனால் திரும்பிப் பார்த்தபோது என் வீட்டு ஜன்னலில் அந்தக் காலி நாற்காலி தெரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் கடை வாசலிலும் ஒரு ஸ்டூல். அதுவும் நீலம். நகராட்சிக்காரர்கள் நான் வீட்டுக்குள் இருந்த காலத்தில் எவ்வளவோ செய்திருக்கிறார்கள்.

ரோட்டைக் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளின் மேல் காலை வைத்தேன். வந்த கார் ஒன்று திணறி, குலுங்கி, எனக்கு முன்னால் நின்றுவிட்டது. கற்றுக்குட்டி வண்டி. எங்கள் பள்ளி வண்டியேதான். ஓட்டியது ஒரு பெண். பக்கத்து சீட்டில் என் இடத்துக்கு வந்த புது மாஸ்டர், முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்தப் பெண் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

நடு ரோட்டில் நின்று குனிந்து சொன்னேன்: "ஹாரன் அடிக்கிறவங்க அடிக்கட்டும்மா, அது அவங்க வேலை. கிளட்சை முழுசா அமுக்குங்க. இப்ப சாவியைத் திருப்புங்க. ஆச்சா? நான் தாண்டினப்புறம் மெதுவா விடுங்க. ஒரு அவசரமும் இல்ல."

வண்டி கிளம்பிப் போனது. அப்போதுதான் கவனித்தேன், நான் ரோட்டின் அந்தப் பக்கம் நின்றேன்.

பச்சைக் கேட்டுக்குள் ரத்தப் பரிசோதனை நிலையம். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண்.

"சாம்பிள் குடுக்கணுமா சார்?"

"இல்லம்மா. என் வீட்டம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் இங்கே வர்றாங்க. அவங்களுக்கு என்ன வியாதின்னு மட்டும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்பவன் கைத்தடியையும் மேஜையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பெயரைக் கேட்டு அவசரமாகக் கணினியில் தேடினாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றாள். அடையாளம் சொன்னேன்.

"அட, தையல்காரம்மாவா? அவங்க எங்ககிட்ட வர்றதில்லயே. பின்பக்க ரூமுக்குல்ல போவாங்க."

பின்பக்கம் ஒரு கதவு. தள்ளினேன். சின்ன அறை, சுவரோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் என் மனைவி உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உட்காருங்க. அடுத்தது உங்க முறைதான்."

நான் உட்காரவில்லை. "உனக்கு என்ன? என்ன சொன்னாங்க? எதுவா இருந்தாலும் சொல்லு. இருக்கிறதை வித்தாவது பார்த்துடலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"திரும்பவும் ஒண்ணுமில்லயா? பஞ்சு? புள்ளி?"

"தோள்பட்டை வலி. உங்களைத் தூக்கித் தூக்கி வந்தது. அதுக்குத்தான் இங்கே ஊசி போட்டுக்கிட்டேன். இப்ப பரவாயில்ல."

"அக்குபஞ்சரா? அதுக்கு எதுக்குப் பஞ்சு?"

"அந்தப் பஞ்சை அவங்க ஒரு நிமிஷம் அழுத்திட்டு எடுத்துடுவாங்க. நான்தான் வாங்கி பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டு வந்தேன். உங்க கண்ணுல படணுமே. முதல் வாரமே கிளம்பி வந்துடுவீங்கன்னு நினைச்சேன். இத்தனை வாரம் பஞ்சு ஒட்ட வச்சுட்டீங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு மாதமாக உடம்பின் ஒரு பாதிதான் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது இரண்டு பாதியும் சேர்ந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப நிஜமாவே உனக்கு ஒண்ணுமில்லையே?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இல்ல. பயந்துட்டீங்களா?"

"பயந்தேன்."

"அன்னிக்குக் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பதிலே இல்ல. அப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "உங்களுக்கு மூணு வாரம்தான். நான் எட்டு மாசமா அப்படியே இருக்கேன். நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னா, கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கணும்."

 இடது கையைத் தூக்கி அவள் கை மேல் வைத்தேன். கொஞ்சம் தள்ளிப் பாவாடை மேல்தான் விழுந்தது. அவள் அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் நீல பிளாஸ்டிக் ஸ்டூல்.

"அக்கா, மாஸ்டர் பத்திரமா வந்துட்டாரு. கண்ணாடிக் கடைகிட்ட மட்டும் எனக்கு உயிரே போயிடுச்சு. பிடிக்கலாம்னு ஓடினேன், அதுக்குள்ள அவரே பிடிச்சுட்டாரு. நடு ரோட்டுல வேற நின்னு பாடம் எடுக்கிறாரு."

நகராட்சியைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்" என்றேன். "நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். ஊசிக்கு வரல. சபதம் சபதம்தான்."

"சரி. அப்ப வாங்க, நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்று பாவாடையை மடித்தாள்.

என் இரண்டு தொடைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாக ஒரு கட்டில் தெரிந்தது. வெள்ளை விரிப்பு, தலையணை, மெத்தென்ற மெத்தை.

"அவசரமில்ல. கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போலாம்" என்றேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயது இருக்கும். மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். ரத்தம் இளகுற மாத்திரையைச் சொன்னேன். பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அதையும் சொன்னேன், கொஞ்சம் கூட்டி.

"அவர் சொன்னது சரிதான்" என்றார் டாக்டரம்மா. "ஊசி போட்டதும் எழுந்து ஓடுவீங்கன்னு நானும் சொல்ல மாட்டேன். இறுக்கம் கொஞ்சம் தளரலாம், வலி குறையலாம், நல்லா தூக்கம் வரலாம். வராமலும் போகலாம். நீங்க வீட்டுலேருந்து இங்கே வரைக்கும் நடந்தீங்களே, அதை நிறுத்திட்டா என் ஊசியால ஒரு பிரயோஜனமும் இல்ல."

"அதான் நானும் சொல்றேன், ஊசி வேண்டாம்னு. எனக்கு ஆஸ்பத்திரியில நடந்ததைக் கேட்டா நீங்களே விட்டுடுவீங்க." குத்தியவர்களின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கையையும் காலையும் தடவிப் பார்த்தார். பாதிச் சரித்திரம் முடிந்ததும், "எப்படியும் நீங்க குத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நான் கண்ணை மூடிக்கணும்" என்றேன்.

"போட்டு முடிச்சாச்சு" என்றார்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். முழங்கையில், மணிக்கட்டில், முழங்காலுக்குக் கீழே, தலைமுடி போன்ற ஊசிகள் நின்றுகொண்டிருந்தன. மயக்கம் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. கணுக்கால் பக்கத்தில் ஏதோ கனமாக, மெதுவாக, யாரோ விரலால் அழுத்துவதுபோல இருந்தது. எட்டு மாதமாக அந்த இடத்திலிருந்து எனக்கு ஒரு தகவலும் வந்ததில்லை.

"அங்கே என்னமோ தெரியுது" என்றேன்.

"தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு விளக்கைக் குறைத்தார். நான் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேன் என்று எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னார்.

வீட்டுக்கு வாடகைக் காரில் திரும்பினோம். கால் ஒன்றும் புதுசாகிவிடவில்லை. லிஃப்டிலிருந்து வாசல் வரைக்கும் அதை இழுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஜன்னலோர நாற்காலிக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பூட்ஸ், கைத்தடி, ஸ்டூல், பஞ்சு, எலக்ட்ரீஷியன். ஒரு மனுஷனைச் சுற்றி இவ்வளவு சதி நடந்திருக்கிறது. குடும்பத் தலைவன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும்.

"இத பாரு" என்றேன். "நடந்தது நடந்துபோச்சு. செவ்வாய்க்கிழமை நானே நடந்து வர்றேன். ஸ்டூலும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனா இனிமே இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு காரியமும் நடக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் முன்கூட்டியே என்கிட்ட சொல்லணும்."

"நியாயம்தான்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் இயந்திரத்திலிருந்து நூலை அறுத்து, தைத்துக்கொண்டிருந்ததை உதறிப் பிரித்தாள்.

"அப்ப இப்பவே சொல்லிடறேன். திங்கக்கிழமையிலேருந்து ஆஸ்பத்திரி நீச்சல் குளத்துல உங்களுக்குத் தண்ணிக்குள்ள நடக்கிற பயிற்சி. எந்திரிங்க, இந்த டவுசர் இடுப்புக்குச் சரியா இருக்கான்னு பார்ப்போம்."